மாமா பார்த்த துப்பாக்கிகள்

"…அதுவும் கட்டைதாங்க. மரத்துல செதுக்கிக் கறுப்பு மை பூசி வச்சிருக்கான். வெடிக்காது, பயப்படாமப் பாருங்க."

சொன்னவர் என் தாய்மாமா. கேட்டுக்கொண்டிருந்தவர், அவருக்குப் பெண் கொடுப்பதற்காக நிபோங் திபாலிலிருந்து ரயிலும் படகும் ஏறி வந்திருந்த தோட்டத்தில் கணக்கு எழுதும் ஒரு கிராணி. இடம், பினாங்கில் நாங்கள் அந்த நாளில் வாயாங் கொட்டகை என்று சொல்லிக்கொண்டிருந்த தகரக் கூரை போட்ட சினிமாக் கொட்டகை. சனிக்கிழமை, மத்தியானம் மூன்று மணி ஆட்டம். இவ்வளவையும் முதலிலேயே சொல்லி வைத்துவிடுகிறேன். பிறகு வருவதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கும்.

அப்போது எனக்கு எட்டு வயது. படம் வாய் திறந்து பேசாத காலம். அதில் வேவுகாரன் படம் என்று ஒரு ரகம் உண்டு. ஒரு வெள்ளைக்காரன் தொப்பியை நெற்றி மறைய இழுத்துவிட்டுக்கொண்டு பெரிய மாளிகைக்குள் நுழைந்து ஒரு காகிதத்தைத் திருடுவான். அந்தக் காகிதத்தில் அப்படி என்ன எழுதியிருந்தது என்று எங்களுக்குக் கடைசிவரை தெரியாது; அது அவர்கள் பாடு. நாலு பேர் அவனைத் துரத்துவார்கள். எல்லார் கையிலும் துப்பாக்கி இருக்கும். இந்த வாரம் கொஞ்சம் காட்டி, மிச்சத்தை அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொள்வார்கள்.

மாமாவும் நானும் உட்காருவது திரைக்குப் பின்னால். இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் சொன்னால் நம்புவதில்லை. திரைத்துணிக்கு முன்பக்கம் நாற்காலி போட்டிருக்கும்; துரைமாரும் சீன முதலாளித் தவுக்கேமாரும் கோட்டுப் போட்டவர்களும் அங்கே. பின்பக்கம் பெஞ்சு; அது எங்களுக்கு. ஆட்டத்துக்கு முன்னால் ஓர் ஆள் வாளியோடு வந்து திரை முழுக்கத் தண்ணீர் தெளிப்பான். துணி ஈரமாக இருந்தால்தான் படம் எங்கள் பக்கமும் தெளிவாக விழும். ஒரே ஒரு குறை, எல்லாம் இடம் வலம் மாறித் தெரியும். வெள்ளைக்காரர்கள் எல்லாரும் இடது கையால்தான் சுடுவார்கள், இடது கையால்தான் சாப்பிடுவார்கள் என்று நான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

சத்தமும் எங்கள் பக்கத்திலிருந்துதான் போகும். மேளக்கார நானா என்று ஒருவர் திரையை ஒட்டிச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். குதிரை ஓடினால் இரண்டு தேங்காய்ச் சிரட்டையைத் தட்டுவார். இடி இடித்தால் தகரத் தகட்டை உலுக்குவார். துப்பாக்கி சுட்டால் ஒரு சீன வெடியின் திரியை ஊதுபத்தி நெருப்பில் காட்டி, மண்ணெண்ணெய் டின்னுக்குள் போட்டு மூடியைச் சாத்துவார். முன்னால் உட்கார்ந்திருக்கும் சீமான்கள் துள்ளி விழுவதைத் துணிக்கு இந்தப் பக்கமிருந்தே நாங்கள் கேட்டுச் சிரிப்போம்.

எங்கள் பெஞ்சில் மாமாதான் ராஜா. திரையில் ஒரு துப்பாக்கி தலை காட்ட வேண்டியதுதான், சம்பான் படகு தள்ளுகிறவர்களும் காப்பிக் கடைக்காரர்களும் இவர் பக்கம் திரும்புவார்கள்.

"அண்ணே, இது எப்படிலா?"

"கட்டை."

"எப்படிண்ணே சொல்றீங்க?"

"மேசை மேல வச்சான் பாத்தியா? விரிப்பு நசுங்கிச்சா? இல்லல்ல. அப்ப கட்டை."

இன்னொருத்தன் ஓடுவான். "இடுப்புல இருக்கிறது ஆடவே இல்ல பாரு. இரும்பா இருந்தா தொடையில அடிச்சே தோலை உரிச்சிருக்கும்." மற்றொருத்தன் சுடுவான். "கை எகிறவே இல்ல. அவன் சுட்டது துப்பாக்கியாலயா, கத்தரிக்காயாலயா?" பெஞ்சே விழுந்து சிரிக்கும். அந்தச் சிரிப்பில் எனக்கும் பங்கு உண்டு. மாமாவின் மடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெருமை சும்மாவா?

அவர் கட்டை என்று சொல்லி ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். நெசம் என்று சொல்லி ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. ஒரே ஒரு வாரம், மீசை முளைக்காத ஒரு பையன் கையில் துப்பாக்கியோடு கதவைத் திறந்துகொண்டு வந்தான். அறையில் இருந்த மற்ற நடிகர்கள் அவன் முகத்தைப் பார்க்காமல் அவன் கையையே பார்த்தார்கள். "அண்ணே, என்னண்ணே, தூங்கிட்டீங்களா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. மாமா, "பாப்பா, கச்சாங் வாங்கிட்டு வரேன்" என்று எழுந்து போனார். அந்த வாரத்துப் படம் முடிந்த பிறகுதான் வந்தார், அதுவும் வெறுங்கையோடு. கச்சாங் என்றால் வறுத்த கடலை; அதை விற்கிறவன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாமா திரையைப் பார்த்த நேரத்தைவிட நானாவின் கையைப் பார்த்த நேரம்தான் அதிகம். நானா ஊதுபத்தியை எடுத்தால் மாமாவின் கை என் தோள்மேல் வந்து உட்காரும். வெடித்து அடங்கியதும் எடுத்துக்கொள்வார். நான் பயந்துவிடக் கூடாதே என்று பிடித்துக்கொள்கிறார் என்று நினைத்தேன். நான் எங்கே பயந்தேன்?

மாமா சண்டைக்குப் போய் வந்தவர். ஊரிலிருந்து ஆள் எடுத்தபோது டோலி தூக்கும் படையில் சேர்ந்து பஸ்ராவுக்குக் கப்பலேறினார். சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பாமல் நேரே அக்காவைத் தேடிப் பினாங்குக்கு வந்துவிட்டார். துறைமுகத்துக் கிடங்கில் மூட்டை எண்ணிக் குறிக்கும் வேலை. அம்மா தண்ணீர்க் குழாயடியில் சொல்வாள்: "என் தம்பி போனது முழு ஆளு, வந்தது முக்கா ஆளு. மிச்சத்த எங்க வச்சுட்டு வந்தான்னு அவனுக்கே தெரியல." நான் மாமாவின் கைகால்களை எண்ணிப் பார்ப்பேன். எல்லாம் இருந்தன.

"சண்டையில எத்தன பேரச் சுட்டீங்க?" என்று யாராவது கேட்டால், "நான் யாரையும் சுடலண்ணே. சுட்டதுக்கு அப்புறம் தூக்குறதுதான் என் வேலை" என்பார். டோலி என்றால் எனக்குக் கல்யாணப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போகும் பல்லக்குத்தான் தெரியும். மாமா செய்ததும் அந்த மாதிரி ஏதோ நல்ல வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்படிப்பட்டவருக்கு முப்பது வயதுக்கு மேல் ஒரு சம்பந்தம் வந்தது. கிராணியாரின் இரண்டாவது மகள். ஸ்டூடியோவில் எடுத்த படம் ஒன்று அனுப்பியிருந்தார்கள். பூந்தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற முகம். அம்மா அதை அடுப்பங்கரை அலமாரியில் சாய்த்து வைத்தாள். அன்றிலிருந்து மாமாவுக்குத் தண்ணீர்த் தாகம் எடுக்க ஆரம்பித்தது. வந்து ஒரு செம்பு, போய் வந்து ஒரு செம்பு.

"பானையில தண்ணியே தீந்துபோச்சுடா. படத்தக் கையில எடுத்துட்டுப் போயேன், எனக்கு வேலையாச்சும் மிச்சம்" என்று அம்மா சிரித்தாள்.

மாமா வெட்கப்பட்டதை நான் பார்த்தது அப்போதுதான். டத்தோ கிராமாட் பக்கம் ஓர் அறை வாடகைக்குப் பார்த்துத் தன் கையாலேயே சுண்ணாம்பு அடித்தார். கட்டைவிரல் நகத்தில் சுண்ணாம்போடு வந்து எனக்குத் தலை பின்னிவிட்டார். முணுமுணுத்துப் பாடினார். "பாத்தியா, முக்கா ஆளு முழுசாகிட்டு வரான்" என்று அம்மா அப்பாவிடம் சொன்னாள். கடைத்தெருவிலிருந்து களைத்து வந்திருந்த அப்பா, "ஆச்சுன்னா சரி" என்றார்.

பெண்ணின் அண்ணன் ஏற்கெனவே ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனவர். கலகலப்பான மனிதர். அவரிடம் மாமாவின் துப்பாக்கி வித்தையை நான்தான் அளந்துவிட்டேன். பெண்ணின் அப்பா மாப்பிள்ளை வீடு பார்க்க வரும் அன்றைக்கே படத்துக்கும் போய்விடலாம் என்று அவர் ஏற்பாடு செய்துவிட்டார்.

மாமா அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்: "போறதுன்னா பெஞ்சுக்கே போயிடலாம்க்கா. பின்னால உக்காந்தாதான் எனக்குச் சரியா வரும்."

"நல்லா இருக்குடா! பொண்ணு குடுக்க வந்த மனுசன மூட்டைப்பூச்சிக்கு நடுவுல உக்கார வைக்கப் போறியா? நாற்காலிக்கு வாங்கு."

"இல்லக்கா, அங்கேருந்து…"

"அங்கேருந்து என்ன?"

எனக்கோ நாற்காலி என்றதும் தலைகால் புரியவில்லை. "நாற்காலிதான் மாமா, நாற்காலிதான்" என்று அவர் கையைப் பிடித்துத் தொங்கினேன். பெஞ்சுக்காரர்கள் பார்க்க நாற்காலியில் உட்கார வேண்டும் என்பது என் வாழ்நாள் ஆசை. அவர்கள் துணிக்கு அந்தப் பக்கம் இருப்பார்கள், என்னைப் பார்க்கவே முடியாது என்பது எனக்குத் தோன்றவில்லை.

நான் செய்தது அதோடு நிற்கவில்லை. சனிக்கிழமை கொட்டகை வாசலில் எல்லாரும் சோடா குடித்துக்கொண்டிருந்தபோது பக்கவாட்டுக் கதவு வழியாக மேளக்கார நானாவிடம் ஓடினேன்.

"நானா, எங்க மாமாவுக்குப் பொண்ணு வீட்டுக்காரங்க வந்திருக்காங்க. இன்னைக்கு நல்லா பெருசா வெடிங்க."

"கல்யாணமா? மாஷா அல்லாஹ்! போ புள்ள, கூரை பிச்சுக்கிட்டுப் போற மாதிரி வெடிக்கிறேன்" என்று அவர் ஒன்றுக்குப் பதில் மூன்று வெடிகளின் திரியைச் சேர்த்து முறுக்கினார். மாமாவுக்கு நான் கொடுக்கும் சீர் என்று எண்ணிக்கொண்டேன்.

விளக்கு அணைந்தது. ஓரத்தில் பெண்ணின் அண்ணன், அடுத்து கிராணியார், அடுத்து மாமா, அடுத்து நான். முதல் அதிசயம், வெள்ளைக்காரர்கள் வலது கைக்காரர்களாக மாறிப் போயிருந்தார்கள். மாமாவிடம் சொன்னேன். "ஆமா பாப்பா, இன்னைக்கு எல்லாம் மாறிக் கெடக்கு" என்றார். அவர் கண் திரையின் கீழ் ஓரத்தையே தேடிக்கொண்டிருந்தது. அங்கே துணியைத் தவிர வேறொன்றும் இல்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மாப்பிள்ள, இது?" என்று கேட்டார் பெண்ணின் அண்ணன்.

"கட்டை."

"இது?"

"கட்டைதான். மணிக்கட்டப் பாருங்க, தொங்கவே இல்ல."

முன் வரிசைக் கோட்டுக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். கிராணியார், "அடேயப்பா, தம்பிக்கு என்ன பார்வை!" என்று என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். நான் நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டிருந்தேன். அதைவிடச் சந்தோஷமாக நான் எப்போது இருந்தேன் என்று இப்போது யோசித்தாலும் ஞாபகம் வரவில்லை.

வேவுகாரன் சுவரோடு ஒட்டிக்கொண்டு வந்தான். மெதுவாகத் திரும்பினான். துப்பாக்கியை நேரே எங்கள் முகத்துக்கு நீட்டினான். கிராணியார் சற்றே பின்னால் சாய்ந்தார். அப்போதுதான் மாமா அவர் கையைத் தட்டிக் கொடுத்து அதைச் சொன்னார்: அதுவும் கட்டைதாங்க, மை பூசி வச்சிருக்கான், வெடிக்காது, பயப்படாமப் பாருங்க.

நானா எனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார்.

தகரக் கூரை கிடுகிடுத்தது. வெடிமருந்து வாசனை துணியைத் தாண்டி வந்தது. என் தோள்மேல் கை வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். மாமா எழுந்து நின்று கிராணியாரின் இரண்டு கக்கத்திலும் கை கொடுத்து நாற்காலியிலிருந்து அவரை உருவிக்கொண்டிருந்தார்.

"காலப் பிடி!" என்று கத்தினார். அது மாமாவின் குரலாகவே இல்லை. "டேய், காலப் பிடி! திரும்பிப் பாக்காத! தூக்கு!"

பெண்ணின் அண்ணன் என்ன ஏதென்று அறியாமல் தன் அப்பாவின் இரண்டு கால்களையும் பிடித்துவிட்டார். அந்தக் குரலுக்கு யாராக இருந்தாலும் பிடித்திருப்பார்கள். நல்ல சரீரம் உள்ள பெரிய மனுசர், தங்கச் சங்கிலி போட்ட கடிகாரம் வயிற்றின் மேல் ஆட, நாற்காலிகளுக்கு நடுவே தொட்டில் போலப் போனார். மாமா குனிந்து, தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு, பின்பக்கமாகவே ஓடினார். "தண்ணி கேக்காதீங்க, இந்தா வந்தாச்சு, வந்தாச்சு" என்று அவரிடம் சொல்லிக்கொண்டே போனார். கொட்டகை முழுக்கச் சிரிப்பு. சீட்டியடித்தார்கள். கை தட்டினார்கள்.

நானும் சிரித்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அப்புறம் படம் பார்த்தேன். வேவுகாரன் கூரைமேல் ஏறி ரயிலுக்குத் தாவினான். பக்கத்து நாற்காலிகள் மூன்றும் காலியாக இருந்ததால் காலை நீட்டி உட்கார வசதியாகவும் இருந்தது.

வெகுநேரம் கழித்து மாமா திரும்பி வந்தார். ஒவ்வொரு வரிசையாக நின்று, முகம் முகமாகக் குனிந்து பார்த்துக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்த பிறகும் உடனே கிட்ட வரவில்லை.

வெளியே சோடாக் கடைப் பெஞ்சில் கிராணியார் உட்கார்ந்திருந்தார். பெண்ணின் அண்ணன் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். கிராணியாரின் கோட்டு கக்கத்தில் கிழிந்திருந்தது. மாமா அவர் காலடியில் பார்வையைப் போட்டு நின்றார்.

"மன்னிச்சுக்கங்க."

"அட, என்ன தம்பி இதுக்குப் போய்" என்றார் அவர். "பொறந்ததுலேருந்து எங்கம்மாவத் தவிர என்னை யாரும் தூக்கினதில்ல. நல்ல தெம்புதான் உங்களுக்கு. என் மகளுக்கு அதப் பத்திக் கவலையில்ல." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "எங்க தோட்டத்துலயும் அந்தச் சண்டைக்குப் போயிட்டு வந்த ஆளு ஒருத்தரு இருக்காரு. எனக்குத் தெரியும் தம்பி. எல்லாம் சரியாப் போயிடும். தை பொறந்ததும் நாள் பாத்துடலாம். அக்காகிட்டச் சொல்லிடுங்க" என்றார்.

இப்படி ஒரு மனிதர் பேசியதை மாமா கேட்டாரா என்றே எனக்குத் தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். இருவரையும் படகுத்துறை வரை கொண்டுபோய் விட்டோம். படகு நகர்ந்ததும் பெண்ணின் அண்ணன், "மாப்பிள்ள, அடுத்த தடவை அப்பாவ நான் தூக்குறேன், நீங்க காலப் பிடிங்க!" என்று கத்திக் கையை ஆட்டினார். நான் மட்டும் கையாட்டினேன்.

வீட்டுக்கு நடந்தோம். வெயில் இன்னும் இறங்கவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"மாமா, நான்தான் நானாகிட்டப் பெருசா வெடிக்கச் சொன்னேன்."

"சரி பாப்பா."

கொஞ்ச தூரம் போனோம்.

"நீ எங்க இருந்த?" என்றார்.

"எப்ப?"

"நான் அவரத் தூக்கிட்டுப் போனப்ப."

"நாற்காலியிலதான். நீங்க கூப்பிடவே இல்லையே."

"உன்னை நான் பாத்தேனா?"

யோசித்துப் பார்த்தேன். "பாத்தீங்க மாமா. ஆனா என்னைப் பாத்த மாதிரி இல்ல."

அவர் நடப்பதை நிறுத்தினார். எதிரே ஒரு மாட்டுவண்டி வந்து, அவருக்காக நின்று, வண்டிக்காரன் திட்டிய பிறகுதான் ஒதுங்கினார். அதற்குப் பிறகு என் கையைப் பிடிக்கவில்லை. நான் பிடித்தபோது விலக்கவும் இல்லை.

அம்மா வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தாள். "என்னடா சொன்னாங்க? நாள் சொன்னாங்களா?"

மாமா செருப்பைக் கழற்றிவிட்டு, "அக்கா, எனக்கு அந்தப் பொண்ணு வேணாம். ஆள் விட்டுச் சொல்லிடு" என்றார்.

அம்மாவுக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. "வெளையாடாதடா."

"வெளையாடலக்கா. பிடிக்கல."

"எதுடா பிடிக்கல? பொண்ணையா? ஒரு நாளைக்கு நாப்பது தடவை தண்ணி குடிக்கிற சாக்குல பாத்தவன் நீ! அறைக்கு வெள்ளை அடிச்சவன் நீ! அவங்க என்ன சொன்னாங்க? அவங்க வேணாம்னாங்களா?"

"அவங்க ஒண்ணும் சொல்லல. எனக்குத்தான் பிடிக்கல."

தை மாதம் என்று அந்தத் தாத்தா சொன்னாரே என்று எடுத்துக் கொடுக்க நான் வாயைத் திறந்தேன். மாமா என்னைப் பார்த்தார். ஏனோ மூடிக்கொண்டேன். கடைசிவரை அந்த வாயை அம்மாவிடம் நான் திறக்கவில்லை. அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அம்மா வாயில் வந்ததையெல்லாம் சொன்னாள். இனிமேல் உனக்குப் பெண் கேட்டு யார் வீட்டுப் படியிலும் ஏறமாட்டேன் என்றாள். கடைசியில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அடுப்பங்கரைக்குள் போனாள். உள்ளே ஒரு பாத்திரம் விழுந்து உருண்டு, வெகுநேரம் சுற்றி அடங்கியது. நல்ல மாமியை வேண்டாம் என்று சொன்ன மாமாமேல் எனக்கும் அப்போது கோபம்தான். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றேன்.

மாமா என் எதிரில் மண்டி போட்டு உட்கார்ந்தார். என் தலையை இரண்டு கையாலும் பிடித்து மயிருக்குள் விரலை விட்டுத் தடவினார். காதுக்குப் பின்னால் பார்த்தார். கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். தோள், முழங்கை, உள்ளங்கை, விரல் ஒவ்வொன்றாக. விலாவில் அழுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். முழங்காலை மடக்கி நீட்டினார். எனக்குக் கூச்சம் தாங்கவில்லை, கோபமெல்லாம் போய் நெளிந்து நெளிந்து சிரித்தேன்.

"எனக்கு ஒண்ணுமே இல்ல மாமா. அது படம்தானே?"

"ஆமா" என்றார்.

பிறகு என் தலையைப் பிடித்து மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்.